நாற்பது உள்ளேன்

“ஒருத்தனும் படிக்க மாட்டேங்கான் வடிவு. ஒருத்திகூடப் படிக்க மாட்டேங்கா. என்னைய என்னதான் செய்யச் சொல்லுத?”

மாசிலாமணி வாசலில் நின்றே கேட்டார். முகக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள்ளிருந்து மூச்சு இரைத்தது.

வடிவு உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டாள்.

மாசிலாமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறார். வடிவு அவருடைய மனைவி கோமதியின் தங்கை. அவரைவிடப் பத்து வயது இளையவள். வானொலியில் அறிவிப்பாளர். இருபது வருஷமாகப் பாதி ஊர் அவள் குரலைக் கேட்டுத்தான் பல் தேய்க்கிறது.

அந்தக் குரலை அவள் வேலை செய்யும் இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிடுவாள் போலிருக்கிறது. வீட்டில் காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். போதும் என்கிறாளா, போதாது என்கிறாளா என்று கேட்டவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சொந்தக்காரர்கள் அவளுக்குச் சாமியாரம்மா என்று பேர் வைத்திருந்தார்கள். கேலிக்கு வைத்த பேர்தான். ஆனால் வீட்டில் சிக்கல் என்று வந்தால், கேலி பேசிய அத்தனை பேரும் அவள் வாசலில்தான் வந்து நின்றார்கள்.

அது கொரோனா வருஷம். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. இருபத்தேழு வருஷம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்திய மனிதரிடம், நாளை முதல் ஒரு கண்ணாடியைப் பார்த்து நடத்துங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவரும் நடத்தினார். மூன்று மாதமாக நடத்திக்கொண்டிருந்தார்.

“நாப்பத்தோரு பேரு,” என்றார் மாசிலாமணி. “வகுப்பு பத்து மணிக்கு. ஒம்பது அம்பத்தெட்டுக்கே ‘உள்ளேன் ஐயா’, ‘உள்ளேன் ஐயா’ன்னு வந்து விழுது. சரி, பிள்ளைங்க ஆர்வமாத்தான் இருக்குன்னு நெனச்சு ஆரம்பிச்சா, அதுக்குப் பொறவு மூச்சே கெடையாது. கேள்வி கேட்டா எல்லாருக்கும் ஒரே நேரத்துல நெட் போயிருது. ‘நெட் இல்லை ஐயா’ன்னு அனுப்புதான். நெட் இல்லாதவன் அத எதுல அனுப்புனான்?”

வடிவு தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

“கேமராவப் போடுங்கலேன்னேன். போட்டாங்க. வரிசையா மின்விசிறி தெரியுது. ஒரு பயலோட மூஞ்சி தெரியல. ஒரு வீட்டுல மின்விசிறியும் ஓடல.”

“ம்.”

“போன வாரம் எங்க பெரியப்பா தவறிட்டாவல்லா? அந்தக் கண்ணீர் அஞ்சலிப் படத்தச் சொந்தக்காரங்களுக்கு அனுப்புதேன்னு வகுப்புக் குரூப்புல போட்டுட்டேன். பெரியப்பா படத்துக்குக் கீழ பதினேழு பேரு ‘உள்ளேன் ஐயா’ன்னு போட்டிருக்கான்.”

வடிவு சிரித்துவிட்டாள். பிறகு பெரியப்பாவை நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

“சிரி. ஒனக்கு என்ன, சிரிப்பாத்தான் இருக்கும்.”

“இப்ப எதுக்கு வந்தீய அத்தான்?”

மாசிலாமணி சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார்.

“ஹெச்.எம். பேரு கேக்காரு. சனிக்கிழமைக்குள்ள குடுக்கணும். படிப்புல நாட்டம் இல்லாத பிள்ளைங்க யாரு யாருன்னு.”

“குடுத்தா?”

“அப்பாவக் கூப்பிட்டு டிசியக் கையில குடுத்துருவாவ. தனித்தேர்வா எழுதிக்கோன்னு அனுப்பிருவாவ. பள்ளிக்கூடத்துக்குத் தேர்ச்சி விழுக்காடு முக்கியம்லா.”

“எத்தன பேரு எழுதிருக்கீய?”

“ஒண்ணு.”

வடிவு புருவத்தைத் தூக்கினாள்.

“மத்த நாப்பது பேரும் உள்ளேன்னாவது சொல்லுதான்,” என்றார் மாசிலாமணி. “இவ அதுகூடச் சொல்ல மாட்டேங்கா. பேச்சித்தாய்னு பேரு. பேருலதான் பேச்சு இருக்கு. மூணு மாசமா ஒரு எழுத்து அவகிட்ட இருந்து வரல.”

வடிவு தாளை வாங்கிப் பார்த்தாள். அந்த ஒற்றைப் பெயர் நடுவில் இருந்தது. கையெழுத்து அழகாக இருந்தது.

“முடிவு பண்ணியாச்சுல்லா. பொறவு எதுக்கு மடிச்சு மடிச்சு வச்சிருக்கீய?”

மாசிலாமணிக்கு முகம் சிவந்துவிட்டது. தாளை வெடுக்கென்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

“நான் அதக் கேக்க வரல. நீ இருவது வருஷமா மூஞ்சி தெரியாத ஆளுங்களோட பேசுத. அவங்க கேக்காங்களா தூங்குதாங்களான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது.”

“பொறவு எப்படித்தான் பேசுத?”

வடிவு செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“நாளைக்கு ஒங்க வகுப்புக்கு வாரேன் அத்தான்.”

அவ்வளவுதான். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு சொல் வாங்க முடியவில்லை. ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொன்னால் இவளுக்கு என்ன குறைந்துவிடும் என்று தெரு முழுக்க முனகிக்கொண்டே மாசிலாமணி வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வடிவு வந்தாள்.

கூடத்தில் கோமதியின் தையல் மிஷின் மேல் மடிக்கணினி இருந்தது. எதிர்ச் சுவரில் ஒரு கரும்பலகை. மாசிலாமணி பலகைக்குப் பக்கத்தில் நிற்பார், மடிக்கணினி அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். வடிவு மடிக்கணினிக்கு அருகே முக்காலியைப் போட்டு, திரை தனக்குத் தெரியும்படி உட்கார்ந்தாள். பிள்ளைகளுக்கு அவள் தெரியமாட்டாள்.

ஒன்பது ஐம்பத்தெட்டு. திரையின் ஓரத்தில் உள்ளேன் ஐயாக்கள் விழ ஆரம்பித்தன.

மாசிலாமணி வருகைப் பதிவேட்டைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, விழுந்த பெயர்களுக்கெல்லாம் டிக் போட்டார். நாற்பது டிக். கடைசி வரியில் பேச்சித்தாயின் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

“வந்திருக்கா. இங்க பேரு தெரியுது பாரு,” என்று திரையைத் தட்டிக் காட்டினார். “ஆனா உள்ளேன்னு சொல்ல மாட்டா. சொன்னா வாயில முத்து உதிந்துரும்.”

அந்த நேரம் பார்த்து அடுக்களையில் குக்கர் கூவியது. மாசிலாமணி மடிக்கணினியில் எதையோ படக்கென்று அமுக்கிவிட்டு, “வகுப்பு நேரத்துல இத வைக்காதன்னு எத்தன மட்டம் சொல்லுதது!” என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

“பட்டினி கெடந்தா வகுப்பு நடக்குமோ?” என்றது கோமதியின் குரல்.

மாசிலாமணி சாக்பீஸை எடுத்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த மனிதர் நன்றாக நடத்துவார். அன்றைக்கு மின்மாற்றி. இரண்டு கம்பிச் சுருள்களை வரைந்தார். “இந்தச் சுருளுக்கும் அந்தச் சுருளுக்கும் நடுவுல ஒட்டும் கெடையாது, உறவும் கெடையாது. ஆனா இங்க நடக்கது அங்க போய்ச் சேருது. எப்படி?” என்று கேட்டு, புருவத்தைத் தூக்கி, ஒரு நிமிஷம் காத்திருந்து, பிறகு தானே சொன்னார். பத்தாம் வகுப்போடு அறிவியலுக்குக் கும்பிடு போட்ட வடிவுக்கே புரிந்தது.

நாலாவது நிமிஷம் பேச்சித்தாயின் பெயர் திரையிலிருந்து மறைந்தது.

அதை மாசிலாமணி பார்த்துவிட்டார். அவர் கண் அந்தப் பெயர்மேல்தான் இருந்தது.

“ஓடிட்டா! நாலே நிமிஷம். பாத்தியா வடிவு? நாலு நிமிஷம்கூட உக்கார முடியல அவளுக்கு.”

பையிலிருந்த தாளை எடுத்து, அந்தப் பெயருக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தார். பேனா தாளைக் கிழிக்கப் பார்த்தது.

வடிவு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் பேச்சித்தாய் திரும்ப வந்தாள். ஒரு நிமிஷம் இருந்தாள். மறுபடி போனாள். மறுபடி வந்தாள்.

“இது என்ன, வகுப்பா சந்தையா? வாரதும் போறதும்!” என்று சாக்பீஸை இரண்டாக உடைத்தார் மாசிலாமணி. உடைந்ததில் பெரிய துண்டை வைத்துத் தொடர்ந்து நடத்தினார்.

பத்து நாற்பது.

“புரிஞ்சுதா?” என்று உரக்கக் கேட்டார்.

புரிந்தது ஐயா. புரிந்தது ஐயா. புரிந்தது ஐயா. சிலர் கும்பிடும் கைப் படத்தைச் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். ஒருவன், ‘அருமையான வகுப்பு, நன்றி ஐயா’ என்று எழுதியிருந்தான். எண்ணிப் பார்த்தால் நாற்பது. பேச்சித்தாயிடமிருந்து ஒன்றும் இல்லை.

“பாத்தியா? இதான் தெனமும்,” என்று மாசிலாமணி கையைத் தட்டிச் சுண்ணாம்புத் தூளை உதறினார். அந்த ‘அருமையான வகுப்பு’ அவருக்குக் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது. இன்னொரு முறை படித்துக்கொண்டார்.

வடிவு விரலை நீட்டினாள். திரையின் அடியில் ஒரு சின்ன ஒலிவாங்கிப் படம். அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

மாசிலாமணி குனிந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். மறுபடியும் குனிந்தார்.

“எப்பருந்து?”

“குக்கர் சத்தத்துல இருந்து.”

“நீ அப்பமே பாத்தியா?”

“பாத்தேன்.”

“நாப்பது நிமிஷமா ஒரு மனுஷன் தொண்டத்தண்ணி வத்தக் கத்துதான். பக்கத்துலயே குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்க. ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சா என்ன?”

“நாப்பது பேரு இருந்தாவ அத்தான். யாராவது சொல்லட்டும்னு இருந்தேன்.”

மாசிலாமணி உட்கார்ந்துவிட்டார்.

முதலில் வடிவுமேல் கோபம் வந்தது. பிறகு குக்கர்மேல். பிறகு அந்த நாற்பது பேர்மேல்.

“அருமையான வகுப்பாம்! சத்தமே கேக்காத வகுப்புல எது அருமையா இருந்துச்சு? நாப்பது பேரையும் எழுதப் போறேன். ஹெச்.எம். பள்ளிக்கூடத்தையே மூடட்டும்.”

தாளை விரித்தார். பேச்சித்தாய்க்குக் கீழே எழுத ஆரம்பித்தார். உச்சிமாகாளி. தளவாய். இசக்கிராஜ். முத்துச்செல்வி. நெல்லைநாயகம். ஆறாவது பெயரையும் எழுதினார்.

வடிவு தடுக்கவில்லை. அவள் தடுக்காதது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“ஏன் பேசாம இருக்க? ஏதாவது சொல்லேன்!”

“வீட்டுல ரேடியோ ஓடுது,” என்றாள் வடிவு. “நடுவுல சத்தம் நின்னு போச்சு. என்ன செய்வீய?”

“என்ன செய்வேன்? எந்திச்சுப் போய்த் தட்டிப் பாப்பேன். திருகிப் பாப்பேன்.”

“கோமதியக்கா என்ன செய்வா?”

“அவ எங்க கேக்கா? அது பாட்டுக்கு ஓடும், இவ பாட்டுக்கு வேலையப் பாப்பா. சத்தம் நின்னது அவளுக்குத் தெரியவே...”

பேனா ஏழாவது பெயரின் பாதியில் நின்றது.

மாசிலாமணி தாளைப் பார்த்தார். மேலே இருந்த முதல் பெயரைப் பார்த்தார். அதற்குக் கீழே தான் இழுத்த இரண்டு கோடுகளைப் பார்த்தார். நாலாவது நிமிஷம். போனாள், வந்தாள், போனாள், வந்தாள்.

வெகுநேரம் அவர் நிமிரவில்லை.

வடிவு எழுந்து அக்காவிடம் காபி கேட்கப் போய்விட்டாள்.

வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பிள்ளைகளின் கைப்பேசி எண்கள் இருந்தன. கடைசி எண்ணை மாசிலாமணி அழுத்தினார். மூன்று மாதத்தில் அந்த எண்ணுக்கு அவர் போட்ட முதல் போன் அது.

“பேச்சித்தாயா? இயற்பியல் ஐயா பேசுதேன்.”

அந்தப் பக்கம் எதுவோ கீழே விழுந்தது. “வணக்கம் ஐயா,” என்றது ஒரு பயந்த குரல்.

“வகுப்பு நடுவுல எங்க போன?”

“போன் கெட்டுப்போச்சு ஐயா. ஒங்க வாய் அசையுது, சத்தம் வரல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனேன். வரல. பக்கத்து வீட்டு அக்காகிட்ட இயர்போன் வாங்கிட்டு வந்து மாட்டுனேன். அப்பவும் வரல. தெருமுனைக்குப் போனா டவர் நல்லாக் கெடைக்கும்னு அங்க போய் நின்னேன். அங்கயும் வரல ஐயா.”

“சத்தம் வரலன்னு ஒரு வரி எழுதிப் போடக் கூடாதா?”

“எழுதத்தான் வந்தேன் ஐயா. மத்தவங்க யாரும் ஒண்ணும் எழுதல. அவங்களுக்கெல்லாம் கேக்குது போல, நமக்குத்தான் கேக்கலன்னு விட்டுட்டேன்.”

மாசிலாமணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சரி. தெனமும் உள்ளேன்னு ஏன் சொல்ல மாட்டேங்க?”

“நீங்க கூப்பிடலையே ஐயா.”

“என்னது?”

“பள்ளிக்கூடத்துல நீங்க பேரு வாசிப்பீய. எம் பேரு கடைசி. வார வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்து சொல்லுவேன். இப்ப நீங்க யாரு பேரையும் வாசிக்க மாட்டேங்கீய. கூப்பிடாம எப்படி ஐயா உள்ளேன்னு சொல்ல?”

மாசிலாமணி மடியிலிருந்த பதிவேட்டைப் புரட்டினார். ஜூலை. ஆகஸ்ட். செப்டம்பர். பக்கம் பக்கமாக டிக். அதில் ஒரு பெயரைக்கூட அவர் வாய்விட்டு வாசித்ததில்லை. தானாக வந்து விழுந்ததையெல்லாம் பொறுக்கிக் கட்டத்தை நிரப்பியிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஐயா பேசாமல் இருப்பதைக் கோபம் என்று பேச்சித்தாய் எடுத்துக்கொண்டாள். அவள் குரல் வேகமானது.

“ஐயா, நான் பாடத்தக் கேட்டு எழுதிரலாம்னுதான் பாத்தேன். முத்துச்செல்விகிட்ட போன் போட்டுக் கேட்டேன். தளவாய்கிட்ட கேட்டேன். இசக்கிராஜ்கிட்டயும் கேட்டேன். எல்லாரும் புரிஞ்சுதுன்னுதான் சொல்லுதாங்க. எனக்கு அந்தப் படம் மட்டுந்தான் தெரியும். ரெண்டு சுருள். அத மட்டும் வரைஞ்சு வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

“ம்.”

“படிக்காதவங்களுக்கு டிசி குடுக்கப் போறாங்கன்னு பேசிக்கிடுதாங்க ஐயா. நாப்பது பேருக்குப் புரிஞ்சது எனக்கு மட்டும் புரியலன்னா, நான் படிப்புக்கு லாயக்கில்ல போல.” குரல் உடைந்தது. “எம் பேரக் குடுத்துருங்க ஐயா. அப்பாகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்.”

அடுக்களை வாசலில் வடிவு காபித் தம்ளரோடு நின்றிருந்தாள். மாசிலாமணி அவளைப் பார்த்தார். சாமியாரம்மா காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

மாசிலாமணி எழுந்தார். கையிலிருந்த தாளைக் கசக்கினார். அதை வைத்தே கரும்பலகையை, ஒரு கோடு மிச்சம் இல்லாமல், அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

“பேச்சி, நோட்ட எடு. மொதல்ல இருந்து சொல்லுதேன்.”

“இன்னும் மூடவே இல்ல ஐயா.”